ஊசி போன ஓட்டை

அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? தையல் மெஷின் மிதிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்.

ஒரு வேடிக்கை கேளு. என் போட்டோ படிப்புக்குப் பெரிய ஃபிலிம் கேமரா வேணும். கடையில ஆனை விலை குதிரை விலை. அதனால பழைய லென்ஸ் வாங்கி, பிளைவுட்ல நானே பெட்டி செஞ்சேன். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா கறுப்புத் துணி வரணும். எல்லாரும் அதை ஒட்டுவாங்க. நான் தையல்காரி பிள்ளையாச்சே, உன்னை மாதிரியே நெருக்கமா தைச்சுட்டேன். ஊசி போன ஓட்டையில எல்லாம் வெளிச்சம் புகுந்து, படம் பூரா அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளி. சிரிக்காதே.

இந்த மாசக் கடைசிக்குள்ள புள்ளியில்லாத ஒரு படம் காட்டலைன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க காலேஜ்ல. ராவும் பகலும் ஓட்டைக்குப் பெயின்ட் பூசறேன், அடைய மாட்டேங்குது. மிச்சம் ரெண்டு ஃபிலிம்தான். அப்பாகிட்ட சொல்லாதே.

ஒரு சின்ன உதவி. கேமராவுக்கு எதிர்ல உட்காரச் சொல்ல இங்க எனக்கு ஆள் இல்லை, நாற்காலியில என் சட்டையை மாட்டித்தான் எடுக்கிறேன். மெஷின் முன்னாடி நீ உட்கார்ந்தா தரையிலேருந்து உன் முகம் எத்தனை அங்குலம்னு டேப் வச்சு அளந்து எழுது. அந்த உயரத்துல மாட்டிக்கிறேன்.

பகுதி நேர வேலைக்கு நேரமாச்சு.

உன் பிள்ளை