அப்பா சொன்னதற்கு இருநூறு பேர் சிரித்தார்கள்

லாஸ் ஏஞ்சலஸ்
மார்ச் 14, 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

நான் வசனங்களைத் தட்டச்சு செய்துகொடுக்கும் டி.வி. நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதியை, வெள்ளிக்கிழமை இருநூறு பேரை உட்காரவைத்துப் படம்பிடித்தோம். அவர்கள் சிரிக்காவிட்டால் சேனல் தொடரை வாங்காது. பெண் கேட்டு வந்தவனிடம் தகப்பன் பேசும் வசனத்துக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேமராவை நிறுத்திவிட்டு, அங்கேயே புது வசனம் யோசித்து எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

“எங்கப்பா பிளம்பர். என்னைக் கேட்டு வந்தவன்கிட்ட, ‘வீட்டுல குழாய் அடைச்சுக்கிட்டா என்ன செய்வே?’ன்னார். ‘ஆள் வச்சு எடுப்பேன் சார்’னான். ‘அப்ப அந்த ஆளையே எம்பொண்ணு கட்டிக்கட்டும்’னுட்டார்.”

“அதையே அடிம்மா, சீக்கிரம்!” என்று கத்தினார் தலைமை எழுத்தாளர் மில்டன்.

அப்பா, தகப்பனாக நடித்தவர் அதைப் பேசியதும் அரங்கமே அதிர்ந்தது! சிரிப்பு அடங்கும்வரை அவர் காபிக் கோப்பையோடு காத்து நின்றார். அத்தனையும் உங்களுக்கு விழுந்த சிரிப்பு.

அப்படிச் சொல்லி வெண்டலை விரட்டியதற்காக உங்களோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேனே, அந்தக் கோபம் இன்றோடு தீர்ந்தது.

என் அறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பழைய ஸ்பேனரை அனுப்புங்கள். ஆள் வைத்துச் சரிசெய்ய மனம் வரவில்லை. நீங்களே எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி.

உங்கள் மகள்,
லொரெய்ன்