இடப்பக்கம் இழுத்தது கை அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

இப்படித் திடீரென்று கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. நான் எழுதி நீ படிப்பது நம் இருவருக்கும் பழக்கமில்லாத வேலை. நீ என்று எழுதுவதா நீங்கள் என்று எழுதுவதா என்றே வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை, ஆனாலும் உன் அப்பாவுக்கு மனைவியாக வந்தவள் உன்னை நீங்கள் என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும் என்பதால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் விலாசத்தை நீ அனுப்பிய பார்சல் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து எடுத்தேன். போனில் எழுதினால் அப்பா எடுத்துப் பார்த்துவிடுவார், அவருடைய போனும் என்னுடையதும் ஒரே மேஜையில்தான் கிடக்கின்றன. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள்.

வீட்டு விஷயம் சொல்கிறேன். உன் அறை ஜன்னலில் மழைத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்தாயிற்று. கம்ப்யூட்டர் நனையாமல் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறேன். எனக்குக் கிடங்கு அலுவலகத்தில் அதே வேலைதான், வரும் வண்டியையும் போகும் வண்டியையும் தட்டச்சு செய்கிற வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் எதைக் கேட்டாலும் தெரியும் என்று என் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள், தெரியாது என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. பக்கவாதம் வந்த உன் அப்பாவின் இடது கைக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண்ணை உனக்குத் தெரிந்திருக்காது. நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதல் நாளே அப்பாவிடம், என்ன சார், கையை மியூசியத்துல வெச்ச மாதிரி மடியில வெச்சிருக்கீங்க, எடுங்க வெளிய என்றாள். பந்தை அமுக்கு, துணியைப் பிழி என்று அவள் சொன்ன எதையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை. பிறகுதான் கம்ப்யூட்டரில் உன் பழைய பஸ் ஓட்டும் விளையாட்டு கண்ணில் பட்டது. இடது கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குமிழை அசைத்துத்தானே வண்டியைத் திருப்ப வேண்டும், இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, தினமும் ஓட்டட்டும் என்று அவளே சொன்னாள். அப்பாவும் ஓட்டினார். முதலில் விரல் வளையவே இல்லை, பிறகு வளைந்தது, பிறகு ஒருநாள் தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றார். பார்த்தேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம், அவருக்கும் கூச்சம்.

உன் பழைய கன்ட்ரோலரின் ஒயர் அறுந்துபோனதும் நீ புதியதை வாங்கி அனுப்பினாய். குறை சொல்லவில்லை, ஆசையாகத்தான் அனுப்பினாய். பார்சல் வந்த அன்று அப்பா கண்டக்டருக்குப் போன் போட்டு, பையன் எனக்குப் புது ஸ்டியரிங் அனுப்பியிருக்கான்டா என்றார். அப்பா பஸ் ஓட்டிய அத்தனை வருடமும் அதே வண்டியில் கூடப் போனவராயிற்றே, சும்மா இருப்பாரா, பஸ்ஸையும் சேர்த்து அனுப்பச் சொல்லு, நான் படியில தொங்கிக்கிட்டே வரேன் என்றாராம். ஆனால் அந்தப் பழைய விளையாட்டுக்குப் புதுக் கன்ட்ரோலரை அடையாளமே தெரியவில்லை. நீ அங்கிருந்தே இணையம் வழியாக எங்கள் திரைக்குள் வந்து, இதன் பேச்சை அதற்குப் புரியவைக்கும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாய். உனக்கு ஒன்று தெரியாது. நீ வரப்போகிறாய் என்றதும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். கேமரா எதுவும் கிடையாது என்று சொல்லியும் கேட்கவில்லை. தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். அது கடைசிவரை காலியாகத்தான் இருந்தது. திரையில் நீ நகர்த்திய அந்த வெள்ளை அம்பு போகிற இடமெல்லாம் அவர் முகமும் போனது.

அதன் பிறகு பஸ் கிளம்பியது, ஆனால் இடப்பக்கமாகவே இழுத்தது. டிப்போவில் உன் அப்பாவுக்கு நூல் என்று பெயர், உனக்கே தெரியும், நூல் பிடித்தாற்போல் நேராக ஓட்டுகிறவர் என்று வைத்த பெயர். ஒரு பயணியும் அவரைப் பற்றிப் புகார் எழுதியதில்லை. அந்த மனிதர் திரையில் பஸ்ஸைக் கொண்டுபோய் நடைபாதையில் ஏற்றுகிறார், பயணிகள் புகார் என்று சிவப்பு எழுத்து வருகிறது, மறுபடி ஏற்றுகிறார், மறுபடி சிவப்பு. உனக்குப் போன் செய்து இடப்பக்கமா இழுக்குதுடா என்றார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன், ஸ்பீக்கர் போட்டிருந்தார். நான் இங்க புது கேம்ல போட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்ப்பா, அது சுத்தமா இருக்கு, உங்க கைதான் இழுக்குது, அவ்வளவுதான், ரெஸ்ட் குடுங்க என்றாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். அவசரத்தில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். உன் வாயிலிருந்து அது வந்து போய்விட்டது, எங்கள் வீட்டில் அது குடியேறிவிட்டது. அப்பா கன்ட்ரோலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். பயிற்சிப் பெண்ணை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீ டம்ளர் வலது கைக்குப் போய்விட்டது, சட்டைக்குப் பதில் தலைவழியாக மாட்டும் பனியன் வந்துவிட்டது. கதவைத் திறக்கக்கூட இடது கையை நீட்டுவதில்லை. வாசலில் பயிற்சிப் பெண்ணிடம் நான் கேட்டபோது அவள் வழக்கம்போல் ஜோக் அடிக்கவில்லை. தேறிட்டிருந்த கைதான்க்கா அது, இப்போ சும்மா போட்டா நிஜமாவே போயிடும், அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அப்பா நடக்கப் போகும் சாயங்காலங்களில் நான் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். நான் படித்தது வணிகவியல், எனக்கு இதெல்லாம் தெரியாது. முதலில் கன்ட்ரோலர் இருப்பதே விளையாட்டுக்குத் தெரியவில்லை. பார்த்தால், நீ போட்ட அந்தச் சின்ன புரோகிராமைத் திருடன் என்று நினைத்து ஆன்டிவைரஸ் பிடித்து அடைத்து வைத்திருந்தது. அதை மீட்டேன். விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோலரைச் சொருகியிருக்க வேண்டும், திறந்தபின் சொருகினால் திரும்பியும் பார்க்காது என்பது அடுத்துத் தெரிந்தது. பிறகு ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாக எடுத்துக்கொண்டது, ஒரே பேச்சை இரண்டு புரோகிராம்கள் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தன, ஒன்றை நிறுத்தினேன். இழுப்பு மட்டும் போகவில்லை. இணையத்தில் தேடினால் நம்மைப்போல் ஒருவர் என்றைக்கோ அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், கீழே அவரே, சரியாகிவிட்டது நன்றி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை. அந்தப் புண்ணியவானை நான் திட்டிய திட்டு எனக்கே புதிது. கடைசியில் அலுத்துப்போய்க் கன்ட்ரோலரை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். யாரும் தொடாமலே பஸ்ஸின் சக்கரம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

தம்பி, அந்தக் குமிழ் சும்மா இருக்கும்போது நடுவிலிருந்து இம்மியளவு இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. புது விளையாட்டுகள் அந்த இம்மியைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் உன்னிடம் சுத்தமாக இருந்தது. பழையதற்கு அந்தத் தாராளம் கிடையாது, எவ்வளவு சின்ன சாய்வையும் டிரைவர் திருப்புகிறார் என்றே எடுத்துக்கொள்ளும். நீ போட்ட புரோகிராமுக்கு ஒரு செட்டிங்ஸ் கோப்பு இருக்கிறது, அதை நோட்பேடில் திறந்து, நடுவில் எவ்வளவு தூரம் வரை அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்ததைக் கொஞ்சம் கூட்டினேன். பஸ் நூல் பிடித்தாற்போல் நின்றது. எனக்கு அழுகை வந்தது, பிறகு உன்மேல் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், இன்னும் இருக்கிறது. திரைக்குள் வந்தவன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.

அப்பாவைக் கூப்பிட்டு, பழையபடி பூஜ்யம் வைத்து, தொடாமலே இழுப்பதைக் காட்டினேன். நீ எதையாவது மாத்தி வெச்சிருப்பே என்றார். கண்டக்டரை வரவழைத்து அதே நிலையில் ஓட்டச் சொன்னேன், அவரும் நேராக நடைபாதையில் ஏற்றினார். அப்பா விழுந்து விழுந்து சிரித்து, டிக்கெட் கிழிச்ச கைக்கு ஸ்டியரிங் எப்படிடா பிடிபடும் என்றார். சரிசெய்த பிறகு கண்டக்டர் நேராக ஓட்டிக் காட்டினார், அதற்கு அப்பா, உனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்குல்ல என்றார். கண்டக்டருக்கும் பொறுக்கவில்லை, ஏன்டா நூலு, நான் ஓட்டாட்டியும் தப்பு, ஓட்டினாலும் தப்பா என்று கத்திவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார். அன்று சாயங்காலம் நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று நான் கெஞ்சியதற்கு அப்பா என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். நீ என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றே, எனக்குப் புரியுது, ஆனா அவன் கம்ப்யூட்டரையே படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். நான் ஆறுதல் சொல்கிறவள், நீ உண்மை சொல்கிறவன் என்று இந்த வீட்டில் ஆகிவிட்டது. பக்கத்தில் இருக்கிறவள் சொல்லுக்கு அவ்வளவுதான் எடை போலிருக்கிறது.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், வேலையில் மேலே வர வேண்டும், உன் மனதுக்குப் பிடித்த வாழ்க்கை அமைய வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் வாழ்த்தியிருப்பதில் ஒன்றும் குறையாமல் நானும் வாழ்த்துகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ போன் செய்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், அதற்காக நீ பேச்சைச் சுருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். ஒரு லீவு நாளில், யாரும் உன்னைக் கூப்பிடாத நேரமாகப் பார்த்து அப்பாவுக்குப் போன் செய். மறுபடி எங்கள் திரைக்குள் வா. அன்னைக்கு நான் சரியாப் பாக்கலப்பா, உங்க கை இழுக்கல, கன்ட்ரோலர்தான் இழுத்துச்சு என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு வைத்துவிடாதே, அவர் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை ஓட்டி முடிக்கும் மட்டும் இரு. கண்டுபிடித்தது நான் என்று சொல்ல வேண்டாம், சொன்னால் நம்பமாட்டார். நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். அவருக்குப் பக்கத்து நாற்காலியை நான் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
சித்தி