கவசராயனுக்குக் கட்டை தீர்ந்த கதை

2-9-66, வெள்ளி
சந்தை நாள். கடை வாசல் பலகையில் காஸ்பர் எட்டாம் படம் எழுதி முடித்தான். கவசராயன் – உடம்பெல்லாம் இரும்புச் சட்டை, மார்பில் நான் விற்கும் பாட்டரிக் கட்டை – ராஜகிரிக் கோட்டை உச்சியிலிருந்து பறந்து வருகிறான். வாரத்துக்கு ஒரு படம். ஒரு காலத்தில் சைக்கிளில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூவியவன் நான். இன்று ஊரே என் வாசலில் நிற்கிறது. யோசனை என்னுடையது. காஸ்பர் தன்னுடையது என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.

9-9-66
கூட்டம் இருக்கிறது. கட்டை போகவில்லை. ஏன்?

10-9-66
தெரிந்துவிட்டது. வல்லம் கன்னியப்பன், ராத்திரியில் மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்னி கடலையைத் தோண்டாமல் காவல் போகிறவன், என் பழைய வாடிக்கை, எதிரே துரைராஜ் கடையில் கட்டை வாங்கினான். கூப்பிட்டுக் கேட்டேன்.
"இன்னா மொதலாளி, ஒங்க கட்டையப் போட்டுக்குனு அந்தக் கவசராயன் வாராவாரம் பாதி சண்டைல கட்டை தீந்து பொத்துனு வுழறான். நான் பன்னி மேல லைட் அடிக்க சொல்லோ அணைஞ்சா யாரு பதில் சொல்றது?"
என் சரக்கை நானே பலகை மாட்டித் திட்டியிருக்கிறேன்! புத்தி எங்கே போச்சு?

11-9-66, ஞாயிறு
பூசை முடிந்து வந்த காஸ்பரிடம் சொல்லிவிட்டேன், இனி கட்டை தீரவே கூடாதென்று.
"தீராம கதை எங்கேர்ந்துண்ணே வரும்? பாண்டிச்சேரி பழைய பேப்பர் கடைல பாத்த இங்கிலீஷ் படப் புஸ்தகத்துல எல்லாம் இப்படித்தான். பலமெல்லாம் சட்டைக்கு, உள்ள இருக்கற ஆளு நம்மள மாதிரி. உயிர் போற நேரத்துல அது அணையணும்."
"அவங்க இன்னா, கட்டையா விக்கிறாங்க?"
முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நல்ல கைக்காரன். வராமலே இருந்துவிட்டால்?

16-9-66, வெள்ளி
வந்தான். சொன்னபடியே எழுதினான். கவசராயன் ஒரே குத்தில் எதிரி கருந்தேளை முடித்தான்.
"அவ்ளோதானா?" என்றாள் பூக்காரி. ஜனம் மிளகாய் வாங்கப் போய்விட்டது.

18-9-66
வீட்டில் பெண்சாதி சாரதாவிடம் புலம்பினேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "வுழட்டுமே. யாராச்சும் வேற கட்டை போட்டா எழுந்துக்க மாட்டானா?"
இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்து நான் என்ன கற்றேன்?

23-9-66, வெள்ளி
இந்த வாரப் படத்தில் தளவானூர்ப் பாறை அடியில் கவசராயன் அணைந்து கிடக்கிறான். இருட்டில் யாரோ வருகிறார்கள்.
"யாருண்ணே அது?" என்றான் காஸ்பர். எழுதிய அவனுக்கே தெரியாது. காதில் சொன்னேன். இரண்டு வாரமாகத் தூக்கி வைத்திருந்த முகம் இன்றுதான் சிரித்தது.

30-9-66, வெள்ளி
வந்தவன் கன்னியப்பன்! அதே முண்டாசு, அதே மீசை, கையில் தடி. தன் டார்ச்சிலிருந்து கட்டையை உருவிக் கவசராயன் மார்பில் போடுகிறான். வாசலில் ஒரே கூச்சல். நிஜக் கன்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் பெண்சாதி சின்னப்பொண்ணு விடவில்லை.
"இருந்த கட்டைய அவனுக்குக் குடுத்துட்டியே, நீ இருட்டுல எப்படி வூடு வந்து சேந்த?"
கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் அவன் கடைக்குள் வந்துவிட்டான். "மொதலாளி, எப்பவும் போடற ஜோடி ஒண்ணு. மடில வெச்சிக்க இன்னொண்ணு."
அவன் பின்னால் வந்தவர்களும் அப்படியே கேட்டார்கள்.

7-10-66, வெள்ளி
சாயங்காலம், சந்தை நடுவில், என் கடையில் கட்டை தீர்ந்துவிட்டது. கூட்டம் கத்துகிறது, நான் காலிப் பெட்டியோடு நிற்கிறேன். துரைராஜ் எதிர்க்கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.
"எடுத்துக்கய்யா. பாவம், வுழுந்துடப் போற."
காஸ்பர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, துரைராஜின் மூக்கையும் தொப்பையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.