மூடி திறந்திருந்த நேரம்

பினாங்கு
8 பெப்ரவரி 1937

என் கண்ணான றம்லத்துக்கு மஹ்ரூப் மச்சானின் ஸலாம்.

நான் சுகம். கடையும் சுகம். கல் பார்க்க வரும் சீமாட்டிகள் எல்லா மோதிரங்களையும் போட்டுப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் முதலாளிக்கு என்மீது பிரியம். இன்னும் மூன்று வருடம் இருந்தால் கடையில் பங்கு தருவதாகச் சொல்கிறார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மகள் ஹபீலா நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நான் கப்பலேறும்போது உன் வயிற்றில் இருந்தவள். அவள் முகம் எனக்குத் தெரியாது. என் கமெரா உன் அலுமாரியில் சும்மா தூங்குகிறதே, அதை வெளியே எடு. நீயே அவளைப் படம் பிடித்து அனுப்பு.

பயப்படாதே. முதலில் மரம், வேலி என்று பழகு. கமெராவின் மூன்று கால்களையும் மண்ணில் அழுத்தி ஊன்று. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்னால் இருக்கும் மங்கல் கண்ணாடியைப் பார். எல்லாம் தலைகீழாகத் தெரியும், அது உன் பிழையல்ல. தெளிவாகும்வரை திருகு. பிறகு முன்கண்ணாடியை மூடியால் மூடிவிட்டு, பிலிம் கூட்டைச் செருகி, கூட்டின் தகட்டை உருவு. மூடியைக் கழற்றி ஐந்து வரை எண்ணி, மறுபடி மூடித் தகட்டையும் செருகு. வெயிலில் வேண்டாம், நிழலில் எடு. பிலிமைக் கூட்டில் போடுவது கும்மிருட்டில்தான். ஓரத்தில் ஒரு வெட்டு விரலில் தட்டுப்படும். அது வலப்பக்க மேல் மூலையில் இருந்தால் பிலிமின் மருந்துப் பக்கம் உன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம், அப்படியே போடு. உன் அண்ணன் முஹ்ஸின் காக்கா கண்டி டவுனில்தானே வேலை செய்கிறார், பிலிம் வாங்கவும் கழுவக் கொடுக்கவும் அவரிடம் சொல்.

உன்
மஹ்ரூப்


மடவளை
20 மார்ச் 1937

அன்பு மச்சானுக்கு றம்லத்தின் ஸலாம். மகளும் ஸலாம் சொன்னாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் இப்போது கோழிகளோடு மட்டும்தான் பேசுகிறாள்.

கமெராவை எடுத்தேன். எடுப்பதற்கு முன் வாப்பாவிடம் கேட்டேன். "மரத்தப் புடிங்க மகள், ஆத்தப் புடிங்க. உசிர் உள்ளதப் புடிக்க வாணாம். படம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" என்றார். வானவர்கள் வராத வீடு நமக்கு எதற்கு? சரி வாப்பா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே மகளைப் பிடிக்க முடியாது. கோபிக்க வேண்டாம்.

நான் கறுப்புத் துணிக்குள் நுழைந்ததைப் பார்த்துக் காக்காவின் பெண்சாதி கைரியா மச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் கமெராவும் எங்களப் போல முக்காடு போட்டுக்கிட்டுத்தான் வெளிய வருது!"

முதல் பிலிமை மறுபக்கமாகப் போட்டேன். அடுத்ததில் மூடியைப் போடாமலே தகட்டை உருவிவிட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் பதற்றத்தில் நாக்கு ஓடிவிடுகிறது. அதனால் எண்ணுவதை விட்டு, நபிகள்மீது ஒரு ஸலவாத் ஓதுகிறேன். ஸலவாத்தை யாராவது அவசர அவசரமாக ஓதுவார்களா? ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, ஓதத் தொடங்கியபின் நிறுத்த மனமே வரவில்லை. ஸ்டூடியோக்காரர், "இதென்ன, நெகட்டிவா அடுப்புக்கரியா?" என்று காக்காவிடம் கேட்டாராம். எனக்கு நன்மை கிடைத்தது, பிலிம் போனது.

கடைசியில் ஒன்று தேறியது. நம் கொல்லைப் பலாமரம். இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் பற்றி என்னிடம் சொன்னீர்கள், கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பதில் சொல்கிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள்
றம்லத்


பினாங்கு
10 ஏப்ரில் 1937

என் றம்லத்துக்கு ஸலாம்.

அடுப்புக்கரிக் கதையைப் படித்துக் கடையில் தனியாகச் சிரித்தேன். பலாமரம் அருமை. பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது. ஒரு மாதத்தில் இப்படி எடுக்கிறாய் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

ஆனால் பலாமரத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் அல்லவா? வாப்பா ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரமாகப் பார்த்து ஒரே ஒரு படம் எடு. என் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் மலக்குகளுக்கு இடைஞ்சல் வராது.

ஜூன் முடிவதற்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். பங்கு கிடைத்தால் பிறகு நமக்கு ஒரு குறையும் இருக்காது. அவள் படம் மட்டும் கையில் இருந்தால் அந்த மூன்று வருடத்தையும் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

மஹ்ரூப்


மடவளை
25 மே 1937

மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. படம் வந்தால் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்றால் நான் ஏன் அனுப்ப வேண்டும்? கமெராவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து உங்கள்மீது இரக்கம் வந்தது. பெற்ற பிள்ளையின் முகம் தெரியாத மனிதரிடம் எவ்வளவு நாள் கோபமாக இருப்பது? ஆனாலும் வாப்பாவை ஏமாற்ற என்னால் ஆகாது.

போன கிழமை மழை மூட்டமாக இருந்தது. கமெராவை எடுத்துக்கொண்டுபோய்ப் பலாமரத்தடிக் கிணற்றுக்கு முன்னால் வைத்தேன். வெளிச்சம் குறைவு, ஆகவே மூடியை நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். கழற்றிவிட்டு ஸலவாத்தைத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து நம் ஹபீலா, கைரியா மச்சியின் கையை உதறிவிட்டு, வெள்ளைச் சட்டையும் தானுமாகக் கோழியைத் துரத்திக்கொண்டு கமெராவுக்கு முன்னால் பாய்ந்தாள்! மூடியைப் போட்டிருக்கலாம். ஸலவாத்தைப் பாதியில் விட முடியுமா? "புடிங்க, புடிங்க" என்று மச்சி கத்துகிறார், இவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறாள், நான் ஓதி முடித்துத்தான் மூடினேன்.

காக்கா படத்தைக் கொண்டுவந்தார். கிணற்றுக் கயிற்றின் புரிகூடத் தெரிகிறது. ஹபீலா நிற்காமல் ஓடியதால் அவள் மட்டும் பிலிமில் விழவில்லை. அவள் ஓடிய இடமெல்லாம் வெள்ளையாக ஒரு புகை. அவ்வளவுதான்.

மறைக்காமல் வாப்பாவின் கையில் கொடுத்தேன்.

"இதென்ன மகள், பொக மாதிரி ஈக்கிது?"

"அது ஹபீலா வாப்பா. வேணுமெண்டு எடுக்கல்ல."

"மொகமே இல்லயே" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புள்ளட வாப்பாக்கு அனுப்புங்க" என்றார்.

இதோ, உங்கள் மகள். இதற்கு மேல் அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. படம் கிடைத்தால் தாங்கிக்கொள்வேன் என்றீர்கள். தாங்குங்கள் பார்க்கலாம்.

றம்லத்


பினாங்கு
16 ஜூன் 1937

றம்லத்,

தாங்கவில்லை.

கல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அந்தப் புகைமேல் வைத்துப் பார்த்தேன். நீலக்கல்லுக்குள் இருக்கும் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவன் நான். ஒரு கண், ஒரு மூக்கு, எங்காவது அகப்படாதா என்று தேடினேன். இல்லை. கீழே ஓரத்தில் ஒரு பாதம் மட்டும் இருக்கிறது. திரும்பும்போது கண நேரம் ஊன்றியிருப்பாள் போல. ஐந்து விரலும் தெரிகின்றன. நீ அதைக் கவனித்தாயா? பெருவிரல் என் உம்மாவுடையது போல வளைந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கடையென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

முதலாளியும் வாங்கிப் பார்த்தார். "படத்தில ஒண்டுமே இல்லயே தம்பி. இதுக்காகவா பங்க வாணாமெண்டு போறீங்க?" என்றார்.

"ஒண்டுமே இல்லாததாலதான் போறன், முதலாளி" என்றேன்.

அடுத்த மாதம் முதல் கப்பலில் இடம் எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைக் கண்டதும் அவள் பயந்து ஓடுவாள். "இவர்தான் வாப்பா, போங்க" என்று அவளைத் தள்ளிவிடாதே. மச்சியும் பிடித்துவைக்க வேண்டாம். ஓடட்டும். நான் கொல்லையில் ஆடாமல் அசையாமல் நிற்பேன். அவளாக நின்று என் முகத்தைப் பார்க்க எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

உன்
மஹ்ரூப்