டிக் விழுந்த இரண்டு நிமிடம்

அண்ணாச்சிக்கு,

நேற்று எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. கைப்பேசியில் வரும் அபாய அறிவிப்பின் மணிப்படம் மஞ்சளா, ஆரஞ்சா என்று ஆறு பேர் காலையிலிருந்து மதியம்வரை விவாதித்து, ஆரஞ்சு என்று தீர்மானித்தோம். கைதட்டல் எழுந்தது. சோதனைக்காக ஒருவர் அறிவிப்பை அனுப்ப, மேசையில் கிடந்த கைப்பேசி 'டிங்' என்றது. உங்கள் சாயப்பட்டறைக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அதே ஒலி. எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் கை என் கன்னத்தில் இறங்கியதில்தான் நம் பழக்கம் தொடங்கியது. போர்டில் ஒரு மெஷினின் ஃபியூஸ் கட்டை காணாமல் போயிருக்கிறதே என்று, பக்கத்தில் கிடந்த உதிரியை நான் செருகிவிட்டேன். அந்த மெஷினுக்குள் ஃபிட்டரான உங்கள் வலது கை இருந்தது. மோட்டார் உறுமியது. கையை உருவிக்கொண்டு வந்தீர்கள்; நகம் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. அந்த ரத்தக் கையாலேயே அறைந்தீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து காணாமல் போன கட்டையை எடுத்துக் காட்டினீர்கள்.

“இது என் பையில கெடக்குத வரைக்கும் அந்த மிஷினு பொணம்லே. பொணத்த எழுப்பாத.”

நான் எழுப்பத்தான் வந்திருந்தேன். “கரண்ட் போயி வந்துச்சுன்னா, நான் எங்க இருந்தாலும் ஒரே அமுக்குல எல்லா மிஷினும் ஓடோணுங்க” என்று முதலாளி கேட்டிருந்தார். செய்துகொடுத்தேன். புது போர்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினோம். ஃபியூஸ் கட்டைகள் பழைய இரும்புக்குப் போயின. இனி பழுது பார்க்குமுன் நான் கொடுத்த கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், திரையில் டிக் குறி விழும், அதன்பின் யாராலும் அந்த மெஷினை ஓட்ட முடியாது என்று உங்களுக்கு விளக்கினேன். திரையைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“இந்த டிக்கு விழுந்தது மிஷினுக்குத் தெரியுமா தம்பி, இல்ல எனக்கு மட்டுந்தானா?”

சிரித்தேன். விரல் பட்டவுடன் டிக் விழும். மெஷினுக்குச் செய்தி போகிறபோது போகும். காத்திருக்க வைத்தால் மனிதர்களுக்குப் பிடிக்காது என்பதைப் பற்றிக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சொற்பொழிவே ஆற்றியிருந்தேன்.

தண்ணீர் சூடானால் டிங், ஆறினால் டிங். மூன்றாம் நாள் அந்தக் கைப்பேசியை ஸ்பேனரால் அடித்து நொறுக்கினீர்கள். வேறொன்று கொடுத்தேன். முதலாளி நாகரிகமானவர், ஒலியை மட்டும் அணைத்துக்கொண்டார்.

அன்று முற்பகலில் கரண்ட் போனது. நம் பட்டறைகளில் கரண்ட் போனால்தான் ஃபிட்டருக்கு வேலை. ஈரத் துணியைச் சுற்றிப் பிழியும் ஹைட்ரோ மெஷினின் அடியில் துணி சிக்கியிருந்தது. அமுக்கினீர்கள், டிக் விழுந்தது. அதன் சுழலும் கூடைக்குள் இடுப்புவரை குனிந்தீர்கள். மூடி திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத சுவிட்சில், எல்லாப் பட்டறைகளிலும் போல, ஒரு துண்டு வயர் போட்டு ஏமாற்றியிருந்தார்கள். கரண்ட் வந்தது. வைஃபை பெட்டி விழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை உங்கள் செய்தி உங்கள் கைப்பேசியிலேயே காத்திருந்தது. என் போர்டில் தனி சிம் இருந்தது, உடனே விழித்துக் கரண்ட் வந்ததை அறிவித்தது. அவிநாசியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த முதலாளி இடது கையால் அமுக்கினார்.

கூடை நின்றபோது உள்ளே இருந்த துணி முழுவதும் சிவப்பாக இருந்தது. அன்றைய ஆர்டர் வெள்ளை. உங்கள் செய்தி அவருக்குப் பாயசத்தின்போது போய்ச் சேர்ந்தது.

பெரியாஸ்பத்திரி வாசலில் உங்கள் மனைவி என் சட்டையைப் பிடித்துச் செருப்பால் அடித்தார். உதடு கிழிந்தது. யாரோ விலக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். அடித்து ஓய்ந்தபின் கேட்டார்: “அவுகளுக்கு டிக்கு காட்டுச்சாமே. எங்கிட்ட காட்டு.”

காட்டினேன். டிக் இருந்தது.

இப்போது நான் எழுதும் மென்பொருளில், மெஷின் பதில் சொன்ன பிறகே டிக் விழும். அதுவரை திரையில் 'இன்னும் தெரியாது' என்று நிற்கும். பக்கத்தில் நிற்கும் ஆள் ஒருவர் பொத்தானை அமுக்காமல், தூரத்திலிருந்து எதையும் ஓட்ட முடியாது. “இதுக்கு நானே நேர்ல போயிருவனுங்களே” என்கிறார்கள் முதலாளிகள். நான் எதையும் மாற்றவில்லை.

மூன்று பட்டறைகள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டன. முதலில் மாறியது நீங்கள் வேலை பார்த்த பட்டறை.