இந்தத் தடவை ஒழுங்காத் தட்டுறான்

மிதக்கும் முகாம், சைப்ரஸ் மர ஏரி
ஜனவரி 8, 1938

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுதுகிறேன். பள்ளி திறந்துவிட்டதே, என்னை அழைத்துப்போக ஏன் யாரும் வரவில்லை? கெளுத்திக் குழம்பு நன்றாகவே வைக்கிறேன், அப்பாதான் தொடுவதில்லை. இந்த வேட்டைப் பருவத்தில் ஒரு வாத்தைக்கூட அவர் சுடவில்லை.

இரவில் இந்த மிதக்கும் முகாம் வீட்டுக்கு வருபவர் துடுப்பால் தன் படகை மூன்று முறை தட்ட வேண்டும், தட்டாமல் வந்தால் திருடனென்று சுட்டுவிடுவார்கள் என்று நீதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்? இங்கே தினமும் இரவில் பனிமூட்டத்துக்குள் யாரோ தட்டுகிறார்கள். விளக்கைத் தூக்கிப் பார்த்தால் படகே இல்லை.

அப்பா சிரிக்கிறார். "உங்க அண்ணன் ஓவிட்டுதான்டி. காணாமப் போயிட்டான்னு ஊரே அழுதுச்சு. கேளு, இந்தத் தடவை ஒழுங்காத் தட்டுறான்."

'இந்தத் தடவை' என்றால் என்ன அம்மா?

இதை மீன் வாங்கும் படகுக்காரரிடம் ஒளித்துக் கொடுப்பேன்.

உன் எலோடி


மார்கன் சிட்டி
ஜனவரி 13

என் கண்ணே எலோடி,

ஓவிடின் படகு கிடைத்துவிட்டது. ஆகாயத்தாமரைக்குள் கவிழ்ந்து கிடந்தது. பக்கப் பலகை முழுக்க ஈயக்குண்டுத் துளைகள். அவன் மட்டும் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் எதுவும் கேட்காதே. முகத்திலும் காட்டாதே. சனிக்கிழமை நானே வருகிறேன். வழியில் இருட்டினாலும் பயப்படாதே, முறைப்படி தட்டிவிட்டுத்தான் நெருங்குவேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. இதை அடுப்பில் போட்டுவிடு.

அம்மா


முகாம்
சனிக்கிழமை இரவு

அம்மா,

நான் கேட்கவில்லை. அப்பாவே சொன்னார். அன்றைக்கு ஓவிட் விளையாட்டாகத் தட்டாமல் வந்தானாம். "வலை திருடுற பயன்னு நெனச்சுட்டேன்டி. 'அப்பா'ன்னு ஒரே ஒரு சத்தம். அப்புறம் வெறும் தண்ணிதான்."

பிறகு துப்பாக்கியில் தோட்டா போட்டார். "நேத்து ரொம்பக் கிட்ட வந்து தட்டுச்சு. அது என் புள்ள இல்ல. அவன மாதிரி நடிக்குது. இன்னிக்குத் தட்டட்டும், பாத்துக்கறேன்."

"அம்மா வராங்கப்பா, அவங்கதான் தட்டுவாங்க" என்று அழுதேன்.

"அதுவும் அப்படித்தான் சொல்லும்" என்றார்.

தட்டாதே என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? இந்தக் கடிதத்தை வாங்கிப்போக யாரும் இல்லை.

இதோ, தட்டுகிறது. முன்பக்கம் மூன்று. பின்பக்கமும் மூன்று. இரண்டில் ஒன்று நீ. அப்பா எழுந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்கிறார். எந்தக் கதவை மறிப்பதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா. துப்பாக்கிக் குழலையே கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

எலோடி