கோட்டை யாருக்கு?

18 மே 2003, ஞாயிறு

மத்தியானம் டிவியில ஒரு பழைய இங்கிலீஷ் சிரிப்புப் படம் போட்டான். பாட்டன் விட்டுட்டுப் போன கோட்டைக்கு ஒரு பொண்ணும் ஒருத்தனும் படம் பூரா அடிச்சுக்கிறாக. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்துல உக்காந்து நான்தான் கதை சொன்னேன். கடைசியில ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

"அப்ப கோட்டை யாருக்கு?"ன்னு அப்பா கேட்டாக.

"ரெண்டு பேருக்கும்தான்"னு சிரிச்சேன்.

அப்பா சிரிக்கல. எந்திரிச்சுப் போய் அத்தைக்கு ஃபோன் போட்டாக. ஓடைப்பட்டி வீட்டுல பங்கு கேட்டு அத்தை கேஸ் போட்டதுல இருந்து அண்ணனும் தங்கச்சியும் முகம் பாக்குறதில்ல. இன்னைக்கு அப்பா குரல் அப்படிக் குழையுது.

"தங்கச்சி, நமக்கு எதுக்குத்தா கோர்ட்டு? உன் மகனுக்கு என் மகளைக் கட்டிருவோம். முறைதான? வீடும் உடையாது."

அத்தை அழுறது எனக்கே கேட்டுச்சு. அம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "குச்சனூரு கோயில்ல எள்ளு விளக்குப் போட்டது வீண் போகல"ன்னாக. நான் அங்கனயேதான் நின்னேன். ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. இத்தனை வருசப் பகை தீர்ந்த சந்தோசத்துல எங்கன போய் மாட்டேன்னு சொல்ல?

படத்துல அவன் சும்மா தாலி கட்டிடல. அவ முன்னால வந்து நின்னு, "உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டான். அவ பதில் சொல்ற வரைக்கும் காத்திருந்தான்.

கதை சொல்றப்ப, அப்பா முன்னால அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அந்த ஒரு இடத்தை மட்டும் சொல்லாம விட்டுட்டேன்.